வருஷத்துக்கு வண்டி எவ்வளவு ஓடும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் 2006-லிருந்து டூ வீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வண்டி உள்ளே வந்ததும் நான் செய்யும் முதல் வேலை, மீட்டரைப் பார்த்து நோட்டில் தேதியோடு எழுதுவது. என்ன வேலை பார்த்தோம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அந்த நோட்டைப் பார்த்துவிட்டு ஆட்கள் கேட்ட கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கின்றன. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மைலேஜ்னா லிட்டருக்கு எவ்வளவு தருதுங்கிறதுதானே? இது என்ன வருஷ மைலேஜ்?

நம் ஊரில் மைலேஜ் என்றால் பெட்ரோல் கணக்குதான். இங்கே பேசுவது வேறு. ஒரு வருஷத்தில் உங்கள் வண்டி மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது. குழப்பம் வராமல் இருக்க இதை ‘வருஷ ஓட்டம்’ என்றே சொல்கிறேன்.

லிட்டருக்கு 2 கி.மீ. குறைந்தால் பதறி ஓடி வருகிறார்கள். வருஷ ஓட்டத்தைக் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் யோசிக்கிறார்கள். ஆயில் எப்போது மாற்றுவது, எந்த வண்டி வாங்குவது, பழைய வண்டிக்கு என்ன விலை சொல்வது, எல்லாமே இந்த எண்ணைப் பிடித்துத்தான் நடக்கிறது.

என் வண்டி எவ்வளவு ஓடுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் அன்று மீட்டரை போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த வருஷம் அதே நாளில் இன்னொன்று. இரண்டையும் கழித்தால் வருஷ ஓட்டம். மீட்டரில் நிறம் மாறிக் கடைசியில் நிற்கும் எண் நூறு மீட்டர் கணக்கு, அதை விட்டுவிடுங்கள். அதையும் சேர்த்துப் படித்துவிட்டு 40,000 ஓடிய வண்டியை 4 லட்சம் என்று சொன்னவர்கள் உண்டு.

மொத்தத்தை வண்டியின் வயதால் வகுப்பதும் ஒரு வழி, ஆனால் அது ஏமாற்றும். கல்லூரிக் காலத்தில் வருஷத்துக்கு 12,000 ஓடிய வண்டி, கல்யாணத்துக்குப் பிறகு 3,000 ஓடும். சராசரி இரண்டையும் காட்டாது.

சாதாரணமா ஒரு ஆள் வருஷத்துக்கு எவ்வளவு ஓட்டுவாங்க?

எல்லாருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. வீட்டுக்கும் வேலைக்கும் உள்ள தூரம்தான் முக்கால்வாசி விடை. ஸ்ரீரங்கத்தில் வீடு, திருவெறும்பூர் பக்கம் வேலை என்றால் போக வர 35 கி.மீ. ஆகிவிடும். வருஷத்தில் 280 நாள் போனால் 9,800. தில்லை நகரிலேயே வீடும் கடையும் வைத்திருப்பவருக்கு நாளுக்கு 6 கி.மீ. போதும். அவர் கடையை ஒரு நாள் மூடாமல் ஓட்டினாலும் வருஷத்துக்கு 2,200 தாண்டாது. இருவரும் ஒரே மாதம் ஒரே மாடல் வாங்கியிருப்பார்கள். ஐந்து வருஷத்தில் ஒன்று 50,000, இன்னொன்று 11,000.

வீட்டு ஸ்கூட்டர்களின் கணக்கு தனி. காலையில் பிள்ளையைப் பள்ளியில் விடுவது, வரும் வழியில் காய்கறி, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவது, டியூஷன், மருந்துக் கடை. நாளுக்கு 10 கி.மீ. ஓடினால் வருஷத்துக்கு 3,000 வரும். கேட்க எண் சின்னதுதான். ஆனால் அந்த 10 கி.மீ.க்குள் ஏழு எட்டு முறை செல்ஃப் அடிக்கப்பட்டிருக்கும். இதனால் என்ன ஆகும் என்று கீழே ஆயில் கேள்வியில் சொல்கிறேன், அது பெரிய விஷயம்.

தஞ்சாவூருக்கு தினமும் வண்டியிலேயே போய் வரும் ஒருவர் என்னிடம் வருகிறார். ஒரு பக்கம் 55 கி.மீ. போல வரும். 250 நாளுக்கு 27,500. பஸ்ஸில் போகலாமே என்று நானே கேட்டிருக்கிறேன். ராத்திரியில் ஷிப்ட் முடிந்து பஸ் ஸ்டாண்டு வந்து, பஸ் பிடித்து, இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் வீடு சேர முடியும் என்றார். அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை.

பொழப்பே வண்டியிலதான்னா எவ்வளவு ஓடும்?

உறையூர் மீன் மார்க்கெட்டுக்கு விடிவதற்கு முன் போய்ப் பாருங்கள். டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிகள் வரிசையாக நிற்கும். பின்னால் ஐஸ் பெட்டி, முன்னால் தராசு, ஹேண்டிலில் பாலித்தீன் கட்டு. சுற்றுக் கிராமங்களில் தெருத் தெருவாக விற்று முடித்து வீடு திரும்ப 70 கி.மீ. ஆகும். 300 நாளுக்கு 21,000. இந்த வண்டியில் மீன் தண்ணீரும் ஐஸ் தண்ணீரும் வடிந்து பின் ரிம்மும் மட்கார்டும் முதலில் அரித்துப்போகும். இன்ஜின் நன்றாக இருக்கும்போதே உடம்பு போய்விடும்.

மெடிக்கல் ரெப்புகளுக்கு உள்ளூர் நாள் என்றால் 40 கி.மீ., எக்ஸ் ஸ்டேஷன் நாள், அதாவது வெளியூர் போய் அன்றே திரும்பும் நாள் என்றால் 100, 120. கம்பெனி கி.மீ.க்கு இவ்வளவு என்று கொடுப்பதால், மீட்டரைச் சரியாக எழுதி வைப்பவர்கள் இவர்கள்தான். சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பிகள் நாளுக்கு 100 ஓட்டினால் வருஷத்துக்கு 30,000 தாண்டும். அதற்கு மாதம் ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும். அந்த 500 ரூபாயைத் தள்ளிப்போட்டு, இரண்டு வருஷத்தில் பிஸ்டன், சிலிண்டர் போர் வேலை என்று பல ஆயிரத்துக்கு வந்து நிற்கிறார்கள். காசில்லாமல்தான் தள்ளிப்போடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆயிலுக்கு நான் அவர்களிடம் கூலி வாங்குவதில்லை.

அமெரிக்காவுல பெரிய பெரிய பைக் வெச்சிருக்காங்க. அவங்க நம்மைவிட அதிகமா ஓட்டுவாங்கதானே?

குறைவாகத்தான் ஓட்டுகிறார்கள். அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைத் துறைக் கணக்கில் ஒரு மோட்டார் சைக்கிளின் வருஷ ஓட்டம் சராசரியாக 3,000 மைலுக்குள்தான் வருகிறது. 1 மைல் 1.609 கி.மீ. என்பதால், அது ஏறக்குறைய 4,800 கி.மீ.க்குள். மேலே சொன்ன ஸ்ரீரங்கத்துக்காரர் அதில் இரண்டு மடங்கு ஓட்டுகிறார்.

அங்கே வேலைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, மளிகை வாங்க எல்லாவற்றுக்கும் கார் இருக்கிறது. பைக் ஞாயிற்றுக்கிழமைக்கு, விடுமுறைக்கு. வட மாநிலங்களில் பனிக்காலம் முழுவதும் கொட்டகையில் நிற்கும். தமிழ்நாட்டில் பதிவான வண்டிகளில் ஐந்தில் நான்குக்கு மேல் இரு சக்கரம். நமக்கு அதுதான் குடும்ப வண்டி, சரக்கு வண்டி, அவசரத்துக்கு ஆஸ்பத்திரி வண்டி. இங்கேயும் பெரிய பைக் வாங்கி ஞாயிறு காலையில் மட்டும் எடுப்பவர்களின் வருஷ ஓட்டம் 2,000, 3,000-தான். ஆசைக்கு ஓட்டுகிறவர்களைவிடத் தேவைக்கு ஓட்டுகிறவர்கள்தான் எந்த ஊரிலும் அதிகம் ஓட்டுகிறார்கள்.

எந்த மாசம் அதிகமா ஓடும்?

என் நோட்டில் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பலர் பஸ்ஸுக்கு மாறுகிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் பகல் ஓட்டம் குறையும், ஆனால் பள்ளி விடுமுறை என்பதால் குலதெய்வம் கோயில், கொல்லிமலை என்று ஒரே நாளில் 200 கி.மீ. ஏறிவிடும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். போய் வந்தவர்கள் முன் பிரேக்கை ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

அதிகமா ஓட்டினா வண்டி சீக்கிரம் போயிடுமா?

ஓட்டியதால் போன வண்டிகளைவிட, பார்க்காமல் ஓட்டியதால் போன வண்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தஞ்சாவூர் போகிறவரின் வண்டி ஒரு லட்சத்தைத் தாண்டியபோது இன்ஜினை இன்னும் பிரிக்கவில்லை. நான்கு வழிச் சாலையில் 55, 60 வேகத்தில் சீராக ஓடுகிறது. ஒரு பயணத்துக்குக் கிளட்ச் பிடிப்பது இருபது முப்பது தடவைதான். பாலக்கரை, மெயின்கார்டு கேட் நெரிசலில் ஓடும் வண்டிக்கு அது ஐந்து நிமிஷக் கணக்கு.

மீட்டர் தூரத்தைத்தான் எண்ணும், நேரத்தை எண்ணாது. டவுனுக்குள் 15 கி.மீ. வேகத்தில் 60 கி.மீ. ஓட இன்ஜின் நான்கு மணி நேரம் ஓட வேண்டும். ரிங் ரோட்டில் அது ஒரு மணி நேர வேலை. ஆகவே டவுன் வண்டியின் 30,000-ஐயும் ஹைவே வண்டியின் 30,000-ஐயும் ஒன்றாக எண்ண வேண்டாம். கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, ஸ்டார்ட்டர் மோட்டார் டவுன் வண்டியில் முன்னதாகப் போகும். செயினும் டயரும் ஹைவே வண்டியில்.

என் வண்டி வருஷத்துக்கு ஆயிரம்கூட ஓடல. ஆயில் மாத்தணுமா?

கட்டாயம் மாற்ற வேண்டும். கையேட்டில் ‘இத்தனை கி.மீ. அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அது’ என்றுதான் போட்டிருக்கும். முதல் பாதியை மட்டும் படிக்கிறோம்.

போன மார்கழியில் ஒரு ஸ்கூட்டர் வந்தது. இரண்டு வருஷத்தில் 1,400 கி.மீ. பக்கத்துத் தெருப் பள்ளிக்கும் கோயிலுக்கும் மட்டும் போன வண்டி. ‘ஓடவே இல்லையே அண்ணே, எதுக்கு ஆயில்?’ என்றார் அந்த அம்மா. ஆயில் மூடியைத் திருகி எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். மூடியின் உள்பக்கம் முழுக்க மோர் திரிந்த மாதிரி வெளுப்பான பசை அப்பியிருந்தது. விரலால் வழித்தால் வருகிறது. இன்ஜினுக்குள் பெட்ரோல் எரியும்போது கொஞ்சம் நீராவி உண்டாகும். இன்ஜின் நன்றாகச் சூடேறினால் அது வெளியேறிவிடும். ஒரு கிலோமீட்டர் போய் அணைத்தால் சூடேறாது, நீர் ஆயிலிலேயே தங்கிவிடும். நாளுக்கு ஏழு எட்டு முறை செல்ஃப் அடிப்பதைப் பற்றிச் சொன்னேனே, அந்த வண்டிகளுக்கெல்லாம் இந்த ஆபத்து உண்டு.

என் பழக்கம் இதுதான். நூறு, நூற்றிருபத்தைந்து சி.சி. வண்டிக்கு 3,000 கி.மீ., ஓடாத வண்டிக்கு ஆறு மாதம். மீட்டர் என்ன காட்டினாலும் வருஷத்துக்கு மேல் ஒரே ஆயிலில் விடக் கூடாது.

எடுக்காத நாள்ல ஸ்டாண்டு போட்டு அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுறேன். போதாதா?

போதாது, சில சமயம் கெடுதலும்கூட. முந்தைய பதிலில் சொன்ன அதே நீர்ப் பிரச்சினை வரும். ஐடிலில் பேட்டரிக்கும் பெரிதாக சார்ஜ் ஏறாது. பத்து நாளுக்கு ஒருமுறையாவது எட்டு பத்து கி.மீ. ஒரே மூச்சில் ஓட்டுங்கள். முக்கொம்பு வரை போய்விட்டு வரலாம், வண்டிக்கும் நல்லது, உங்களுக்கும் காற்றோட்டம்.

வெளியூர் போய் மாதக்கணக்கில் வண்டி நிற்கப் போகிறது என்றால், கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். இப்போது பம்பில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் சேர்க்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். பழைய இரும்பு டேங்கில் துரு பிடிப்பதும் கார்புரேட்டர் ஜெட் அடைப்பதும் இப்போது அதிகம் வருகிறது.

ஒரு கிலோமீட்டர் ஓட்ட உண்மையில எவ்வளவு செலவு?

பெட்ரோல் 100 ரூபாய், லிட்டருக்கு 50 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 2 ரூபாய். ஆயில் மாற்ற 500 ரூபாய், 3,000 கி.மீ.க்கு ஒருமுறை: 17 பைசா. இரண்டு டயர் 4,500 ரூபாய், 25,000 ஓடினால் 18 பைசா. செயின் செட் 1,500 ரூபாய், 20,000 ஓடினால் 7 பைசாவுக்குக் கொஞ்சம் மேல். பிரேக், பிளக், ஃபில்டர், பல்பு எல்லாம் சேர்த்து இன்னொரு 15 பைசா. ஆக ஏறக்குறைய 2 ரூபாய் 60 பைசா.

வண்டி விலையும் இருக்கிறதே. 90,000-க்கு வாங்கி, பத்து வருஷம் கழித்து 20,000-க்கு விற்றால் வருஷத்துக்கு 7,000 தேய்மானம். இன்சூரன்ஸ் 1,500 சேர்த்தால் 8,500. வருஷத்துக்கு 10,000 ஓட்டுகிறவருக்கு இது கி.மீ.க்கு 85 பைசாதான், மொத்தம் 3 ரூபாய் 45 பைசா. 2,000 மட்டும் ஓட்டுகிறவருக்கு 4 ரூபாய் 25 பைசா, மொத்தம் 6 ரூபாய் 85 பைசா. குறைவாக ஓட்டுகிறவர் புது வண்டிக்குப் பதிலாக நல்ல பழைய வண்டி பார்ப்பது புத்திசாலித்தனம் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒன்பது வருஷ வண்டி, மீட்டர் 18,000 காட்டுது. ‘லேடீஸ் ஓட்டின வண்டி, சிங்கிள் ஓனர்’னு சொல்றாங்க. நம்பலாமா?

வருஷத்துக்கு 2,000 என்பது நடக்கக்கூடிய கணக்குதான், தில்லை நகர்க் கடைக்காரரைச் சொன்னேனே. ஆனால் மீட்டர் சொல்வதை வண்டியும் சொல்ல வேண்டும். பழைய மீட்டர்களில் ஐந்து இலக்கம்தான். 99,999-க்குப் பிறகு திரும்ப பூஜ்யம். அந்த 18,000 உண்மையில் 1,18,000 ஆகவும் இருக்கலாம்.

கால் வைக்கும் ரப்பர், கியர் லீவர் ரப்பர், கிக்கர் ரப்பர் மூன்றையும் பாருங்கள். 18,000-க்கு அவை வழுக்கையாகத் தேயாது. மூன்றும் புத்தம் புதிதாக இருந்தாலும் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2217 என்றால் 2017-ஆம் வருஷம் 22-ஆவது வாரம் செய்த டயர். வண்டியோடு வந்த டயரே இன்னும் கட்டையோடு இருந்தால் ஓட்டம் குறைவு என்று நம்பலாம், அதே சமயம் டயர் ரப்பரில் வெடிப்பு விட்டிருக்கும், மாற்றும் செலவைக் கழித்து விலை பேசுங்கள். டபுள் ஸ்டாண்டு போட்டு பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஹேண்டிலைத் திருப்பிக் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) நடுவில் கடக்கென்று நிற்கிறதா என்று பாருங்கள். கம்பெனி சர்வீஸில் விட்ட வண்டி என்றால் வண்டி நம்பரைச் சொல்லிப் பழைய மீட்டர் எண்களைக் கேட்கலாம். டிஜிட்டல் மீட்டரையும் மாற்றுகிறார்கள், அதனால் எண் மின்னுகிறது என்று நம்பிவிடாதீர்கள்.

மீட்டர் கேபிள் அறுந்து ஆறு மாசம் ஓட்டிட்டேன். இப்ப கணக்கு போச்சே?

பெட்ரோல் செலவை வைத்துப் பிடித்துவிடலாம். மாதம் 1,000 ரூபாய்க்குப் போட்டிருந்தால் 10 லிட்டர், 500 கி.மீ. ஆறு மாதத்துக்கு 3,000. கேபிள் பெரிய செலவில்லை, உடனே மாற்றுங்கள். விற்கும்போது இந்த இடைவெளியை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கம்மியா ஓட்டுறேன், இன்சூரன்ஸ் குறையுமா?

மூன்றாம் நபர் காப்பீட்டுக்குக் குறையாது. அது சி.சி.யைப் பொறுத்து அரசு நிர்ணயித்த தொகை. 2018 செப்டம்பரிலிருந்து புது வண்டிக்கு ஐந்து வருஷத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். உங்கள் வண்டியின் சேதத்துக்கான பகுதியில் மட்டும், ஓட்டத்துக்கு ஏற்ப பிரீமியம் வாங்கும் வசதிக்கு 2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அனுமதி கொடுத்தது. மீட்டர் போட்டோ எடுத்து வைக்கச் சொன்னது இதற்கும் உதவும்.

எலெக்ட்ரிக் வாங்கினா லாபமா?

உங்கள் வருஷ ஓட்டத்தைச் சொல்லுங்கள், நான் பதில் சொல்கிறேன். பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுத்தால் கி.மீ.க்கு 2 ரூபாய் 20 பைசா. எலெக்ட்ரிக்குக்கு வீட்டு மின்சாரத்தில் 30 பைசா அளவில் ஆகும். மிச்சம் 1 ரூபாய் 90 பைசா. விலை 30,000 கூடுதல் என்றால், அதை மீட்க ஏறக்குறைய 16,000 கி.மீ. ஓட வேண்டும். 10,000 ஓட்டுகிறவர் ஒன்றரை வருஷத்தில் மீட்டுவிடுவார். 3,000 ஓட்டும் வீட்டு ஸ்கூட்டருக்கு ஐந்து வருஷத்துக்கு மேல். ஆனால் ஆயில் மூடிப் பிரச்சினை அதில் கிடையாது என்பதால், குட்டிக் குட்டித் தூரம் போகிறவர்கள் அதையும் யோசிக்கலாம்.

ஒரே நாள்ல 1,600 கிலோமீட்டர் ஓட்டி சர்டிஃபிகேட் வாங்குறாங்களாமே, நானும் பண்ணலாமா?

அமெரிக்காவின் அயர்ன் பட் அசோசியேஷன் என்ற அமைப்பு தரும் சான்றிதழ் அது. 24 மணி நேரத்தில் 1,000 மைல், பெட்ரோல் ரசீதுகள்தான் சாட்சி. சென்னையிலிருந்து மும்பை போவதைவிட அதிகத் தூரம். நிற்கும் நேரமும் சேர்த்து மணிக்கு 67 கி.மீ. சராசரி வர வேண்டும். நம் சாலையில் ராத்திரி எதிர்த்திசையில் லைட் இல்லாமல் வரும் டிராக்டரையும் படுத்திருக்கும் மாட்டையும் அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீண்ட தூரம் பழக வேண்டுமென்றால் நாளுக்கு 300-இல் தொடங்குங்கள், இருட்டுவதற்குள் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

அப்பாவுக்கு எழுபது ஆச்சு. வண்டி வருஷத்துக்கு ஆயிரம்கூட ஓடல. வித்துடலாமா?

ஓட்டம் குறைந்தது விற்பதற்குக் காரணம் ஆகாது. பார்வை எப்படி, நிற்கும்போது இரண்டு காலும் தரையில் முழுதாக ஊன்றுகிறதா, வண்டியை ஸ்டாண்டு போட முடிகிறதா என்று பாருங்கள். கனமாக இருந்தால் இலேசான வண்டிக்கு மாற்றுங்கள். லைசென்ஸும் 55 வயதுக்கு மேல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் நோட்டில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். வேலையில் இருந்தபோது வருஷத்துக்கு 9,000 எழுதியிருக்கிறேன். அப்புறம் 4,000. அப்புறம் 1,500. போன வருஷம் 640. அவர் மகனும் இதே கேள்வியைக் கேட்டார். மேலே சொன்னபடி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுகிறேன், வேறு ஒரு குறையும் இல்லை. அவர் வீட்டிலிருந்து உய்யக்கொண்டான் வாய்க்கால் கரை டீக்கடைக்குப் போக வர 2 கி.மீ. அங்கே அவரோடு வேலை பார்த்த இரண்டு பேர் வருவார்கள். 640 என்றால் 320 காலை.